வெள்ளைத்தாளில் ஒரு சொட்டு

லூமிர் வோன்ட்ரா மனிதர்களை நம்பி வளர்ந்தவன் அல்ல. பாதிரியார் சொல்வதில் பாதியை நம்புவான். டாக்டர் சொல்வதில் கால்வாசி. வானொலிக்காரன் மழை வரும் என்றால் வெளியே போய் மேற்கே ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் வைக்கோலை மூடுவான். எழுபத்தாறு வயதில் அவன் முழுசாக நம்பியது வெள்ளைத்தாள் ஒன்றைத்தான்.

விமானப் பெட்ரோலை ஒரு சொட்டு எடுத்து வெள்ளைத்தாளில் விட வேண்டும். நல்ல சரக்காக இருந்தால் இரண்டு நிமிடத்தில் காய்ந்து, விட்ட இடமே தெரியாமல் போய்விடும். ஜெட் எண்ணெயோ மண்ணெண்ணெயோ கலந்திருந்தால் வெண்ணெய் பட்ட காகிதம் மாதிரி ஒரு வளையம் நிற்கும். எத்தனை நேரம் காத்திருந்தாலும் போகாது. மனிதன் பொய் சொல்வான், தாள் சொல்லாது என்பது லூமிரின் கட்சி. அந்தக் கட்சியை வைத்துத்தான் பத்தொன்பது வருடத்துக்கு முன்பு கூடப்பிறந்த தம்பியின் பிழைப்பைக் கெடுத்தான்.

தம்பி மைலோ ஞாயிற்றுக்கிழமை காலையில் செத்துப்போனான். கோழித்தீவனம் வாங்கப் போன இடத்தில் லூமிருக்குச் சேதி கிடைத்தது. "அப்படியா" என்றான். தீவன மூட்டையைத் தூக்கி வண்டியில் போட்டுக்கொண்டு வந்துவிட்டான். வீட்டுக்கு வந்து கோழிகளுக்கு இரண்டு முறை தீவனம் வைத்தான். முதல் முறை வைத்தது நினைவில் இல்லை.

செவ்வாய்க்கிழமை மைலோவின் மகள் டெனீஸ் வந்தாள். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்ப்பவள். வேலை உடுப்போடு, காரை அணைக்காமல் வாசலில் நிறுத்திவிட்டு இறங்கினாள். சின்னப் பெண்ணாக இருந்தபோது லூமிரின் தோளில் ஏறி உட்கார்ந்து ஊர் சுற்றியவள். இப்போது முப்பத்தாறு வயது. பத்தடி தள்ளியே நின்றுகொண்டாள்.

"வெள்ளிக்கிழமை அடக்கம், பெரியப்பா. பத்து மணிக்குப் பூசை."

"கேள்விப்பட்டேன்."

"அப்பா ஒரு சீட்டு எழுதி வச்சிருக்கார். சவப்பெட்டிக்குப் பின்னாடி பான்டியாக் கார் வரணுமாம். நீங்க ஓட்டணுமாம்."

லூமிர் கையிலிருந்த ஸ்பேனரைத் துணியில் துடைத்தான். சுத்தமாக இருந்த ஸ்பேனரை மறுபடியும் துடைத்தான்.

"எதுக்கு?" என்றான்.

"எதுக்குன்னு எழுதல."

"சும்மா எழுதியிருக்க மாட்டான். என்னை ஊர் முன்னாடி நிறுத்தணும்னு நினைச்சிருப்பான். பாருங்க, நான் பெரிய மனுஷன், இவன் சின்ன மனுஷன்னு."

டெனீஸ், வந்தால் வாருங்கள், வராவிட்டால் போங்கள், தன் வேலை சீட்டைச் சேர்ப்பதுதான் என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள். காரில் ஏறப் போனவள் நின்று, அப்பா கடைசி மூன்று மாதம் ஆக்ஸிஜன் குழாயோடுதான் கிடந்தார் என்றாள். தானியக் கிடங்கில் பதினேழு வருடம் தூசியைத் தின்ற நுரையீரல் என்று டாக்டர் சொன்னாராம். அதைச் சண்டைக்குச் சொன்ன மாதிரி இல்லை. தெரிந்திருக்கட்டும் என்று சொன்ன மாதிரி இருந்தது. லூமிருக்குச் சண்டையே போட்டிருக்கலாம் என்று தோன்றியது.

அந்த பான்டியாக் அறுபத்து மூன்றாம் வருடத்து வண்டி. அண்ணனும் தம்பியும் கல்யாணத்துக்குப் பிறகு வாங்கிய ஒரே கூட்டுச் சொத்து. இடிபட்டுக் கிடந்ததை இரண்டு குளிர்காலம் உட்கார்ந்து எழுப்பினார்கள். சிலிண்டரில் காற்றை எல்லோரும் நசுக்குவதைவிட இன்னும் கொஞ்சம் நசுக்கும்படி பிஸ்டனை மாற்றினார்கள். அப்படி நசுக்கினால் சாலையோரப் பம்பில் கிடைக்கிற பெட்ரோல் தாங்காது. நேரத்துக்கு முன்னால் வெடித்து, இரும்பைச் சுத்தியலால் அடிக்கிற மாதிரி என்ஜின் தட்டும். நீலச் சாயம் போட்ட, ஈயம் கலந்த விமானப் பெட்ரோல் ஊற்றினால்தான் பூனை மாதிரி உறுமும். அதற்கென்ன, பெட்ரோல் தம்பியிடமே இருந்தது. ஊருக்குத் தெற்கே மாவட்ட விமானத் தளத்தில் பம்பு குத்தகை மைலோவுடையது. பயிருக்கு மருந்தடிக்கிற விமானங்களில் பழையவை நீலப் பெட்ரோல் குடிக்கும், புதியவை ஜெட் எண்ணெய் குடிக்கும். இரண்டுக்கும் தனித்தனித் தொட்டி வைத்திருந்தான். வருடத்துக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஓடுபாதையைப் பூட்டிவிட்டு அதிலேயே கார்ப் பந்தயம் விடுவார்கள். லூமிர் ஓட்டுவான். மைலோ கொடி அசைப்பான்.

எண்பத்தொன்பதாம் வருடம் மே மாதப் பந்தயத்தில், பாதை முடிய நூறு கஜம் இருக்கும்போது பான்டியாக் தட்ட ஆரம்பித்தது. லூமிர் காலை எடுக்கவில்லை. ஒரு பிஸ்டனில் ஓட்டை விழுந்து, வெள்ளைப் புகையோடு வண்டி நின்றது. வீட்டுக்கு இழுத்து வந்து, மைலோவிடம் முந்தின நாள் பிடித்த கேனில் மீந்திருந்த பெட்ரோலைத் தாளில் விட்டுப் பார்த்தான். வளையம் நின்றது. பெரிய வளையம்.

மறுநாள் காலை விமானத் தளத்துக் கொட்டகையில் ஒன்பது விமானிகள் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். லூமிர் அந்தத் தாளை மேசைமேல் போட்டு, மைலோ நீலத்தில் ஜெட் எண்ணெயைக் கலந்து விற்கிறான் என்றான். கார் நின்றால் ஓரமாக நிறுத்தலாம். ஆகாயத்தில் ஓரம் கிடையாது. அது ஒன்பது பேருக்கும் தெரியும். காபியை வைத்துவிட்டு எழுந்துபோனார்கள்.

அன்று சாயங்காலம் மைலோ அண்ணன் வீட்டுக்கு வந்தான். கையில் ஒரு கண்ணாடி ஜாடி. சரக்கு வந்து இறங்கினால் அதில் ஒரு ஜாடி பிடித்துத் தேதி எழுதி வைப்பது அவன் வழக்கம். உனக்குக் கொடுத்த சரக்கு இதுதான், நீயே தாளில் விட்டுப் பார் என்று நீட்டினான். நேற்றுக்குப் பிறகு இதில் எதை வேண்டுமானாலும் ஊற்றியிருப்பாய் என்றான் லூமிர். மைலோ ஒன்றே ஒன்று கேட்டான்.

"கேன்ல முன்னாடி என்ன இருந்துச்சு?"

பழியைத் தன்மேலேயே திருப்புகிறான் என்று லூமிருக்கு ரத்தம் தலைக்கேறியது. கதவைச் சாத்தினான். அண்ணன் தம்பிக்கு நடுவில் அதுதான் கடைசிப் பேச்சு.

அரசாங்க ஆட்கள் வந்து இரண்டு தொட்டியையும் சோதித்தார்கள். குறை ஒன்றும் இல்லை என்று காகிதம் கொடுத்தார்கள். காகிதத்தை யார் படிக்கிறார்கள்? விமானங்கள் நாற்பது மைல் தள்ளிப் போய்ப் பெட்ரோல் போட்டன. இரண்டு வருடத்தில் மைலோ பம்பை மாவட்டத்திடம் ஒப்படைத்துவிட்டு, பக்கத்து ஊர்த் தானியக் கிடங்கில் மண்வாரி பிடிக்கப் போனான். விமானத் தளத்துப் பக்கம் அதன் பிறகு அவன் காரைக்கூடத் திருப்பியதில்லை என்பார்கள்.

புதன்கிழமை விடிந்ததும் லூமிர் பான்டியாக்கின் மேல் கிடந்த படுதாவை இழுத்தான். போவதா வேண்டாமா என்று அவன் இன்னும் முடிவு செய்யவில்லை. வண்டி ஓடுகிறதா என்று பார்ப்பதில் தப்பில்லை என்று சொல்லிக்கொண்டான். எலி கட்டிய கூட்டைப் பிடுங்கிப் போட்டான். பிளக்குகளைக் கழற்றிப் படிந்திருந்த ஈயத்தைச் சுரண்டினான். பேட்டரியை டிராக்டரிலிருந்து எடுத்து மாட்டினான். தொட்டியில் கையளவு பெட்ரோல் இருந்தது. போன வருடத்துச் சரக்கு. கடைப் பெட்ரோலாக இருந்தால் இதற்குள் வார்னிஷ் நாற்றம் எடுத்திருக்கும். இது புதுசு மாதிரியே இனிப்பாக மணத்தது. விமானப் பெட்ரோல் அப்படித்தான், வருடக்கணக்கில் கெடாது.

பிஸ்டனை மாற்றி ஓட வைத்த பிறகு இத்தனை வருடமும் அவன் நாற்பது மைல் போய்த்தான் பெட்ரோல் போட்டுக்கொண்டு வந்தான். அங்கே இருந்தவன் சட்டம் பார்க்காமல் குழாயை நேராகக் காரின் வாயில் வைத்து ஊற்றுவான். அந்தப் பம்பைப் போன இலையுதிர்காலத்தில் மூடிவிட்டார்கள். இனி இருப்பது தெற்கே இருக்கிற ஒன்றுதான். மைலோவின் பழைய பம்பு.

கேனை எடுத்துப் பிக்கப் வண்டியில் போட்டுக்கொண்டு போனான். பட்டாளத்துக் கேன், ஐந்து காலன் பிடிக்கும். அப்பா ஏலத்தில் எடுத்தது.

பம்பைப் பார்த்துக்கொள்பவன் கர்ட் எபெல், மாவட்டச் சம்பளக்காரன், நாற்பது வயதிருக்கும். சாலை வரி கட்டாத பெட்ரோல், அதனால் காரில் நேராக ஊற்ற முடியாது, கேனில் தருகிறேன் என்றான். லூமிர் கேனை நீட்டினான். அங்கே நிற்கவே அவனுக்குப் பிடிக்கவில்லை. கொட்டகைச் சுவரில் மைலோவின் கையெழுத்தில் 'புகை பிடிக்காதே' என்ற பலகை இன்னும் தொங்கியது. தாளை எடுத்துச் சோதிக்கக்கூட நிற்காமல் காசைக் கொடுத்துவிட்டு ஓடிவந்துவிட்டான்.

வீட்டுக்கு வந்து, புனலை வைப்பதற்கு முன், ஒரு குச்சியை நனைத்துத் தாளில் ஒரு சொட்டு விட்டான். டிராக்டர் இருக்கையில் உட்கார்ந்து காத்திருந்தான். இரண்டு நிமிடம். ஐந்து நிமிடம்.

வளையம் நின்றது.

லூமிருக்கு வந்தது கோபம் இல்லை. சந்தோஷம் மாதிரி ஒன்று. அந்தப் பம்பே அப்படித்தான், யார் கையில் இருந்தாலும் கலப்படம்தான், நான் அன்றே சொன்னேன் என்று தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். கேனைத் தூக்கிப் பிக்கப்பில் போட்டான். பதினைந்து நிமிடத்தில் மறுபடியும் விமானத் தளத்தில் இருந்தான்.

கர்ட் தாளை வாங்கிப் பார்த்தான். அவன் பதறவில்லை. இந்தத் தொட்டியிலிருந்து இன்று காலை மட்டும் நான்கு விமானம் ஏறியிருக்கிறது என்றான். பிறகு ஒரு கண்ணாடி ஜாடியை எடுத்து, பம்பின் அடிக் குழாயைத் திறந்து, அரை ஜாடி பிடித்து ஆகாயத்துக்கு நேரே தூக்கிக் காட்டினான். நல்ல நீலம். லூமிர் கையிலேயே கொடுத்தான். தாளும் உங்களுடையது, கையும் உங்களுடையது என்றான். லூமிர் சொட்டை விட்டான். இருவரும் பிக்கப்பின் பானெட்மேல் வைத்த தாளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சொட்டு சுருங்கியது, வெளுத்தது, போய்விட்டது. விட்ட இடத்தை லூமிர் விரலால் தேட வேண்டியிருந்தது.

"மிஸ்டர் வோன்ட்ரா, தப்பா நினைக்காதீங்க. கேன்ல முன்னாடி என்ன இருந்துச்சு?"

லூமிர் வாயைத் திறந்தான். ஒன்றும் இல்லை என்று சொல்லத்தான் திறந்தான். கண் கேன்மேல் போய் நின்றது.

வோன்ட்ரா வீட்டில் வெறும் கேனைச் சும்மா வைக்க மாட்டார்கள். உள்ளே இரண்டு விரல் உயரத்துக்கு மண்ணெண்ணெய் ஊற்றி, நான்கு பக்கமும் சுழற்றி, மூடி இறுக்கி வைப்பார்கள். துரு பிடிக்காது. அப்பா அப்படித்தான் செய்தார், மைலோவும் லூமிரும் பத்து வயதிலிருந்து அப்படித்தான் செய்தார்கள். பல் துலக்குகிற மாதிரி, கை தானாகச் செய்கிற காரியம். வயல் டிராக்டருக்கு அப்படியே பெட்ரோல் பிடித்து ஊற்றலாம், அது எதைக் கொடுத்தாலும் குடிக்கும். பான்டியாக்குக்குப் பிடிப்பதாக இருந்தால் மட்டும் முதலில் மண்ணெண்ணெயைக் கவிழ்த்துவிட வேண்டும். இன்று காலை கவிழ்த்தானா? இல்லை. தம்பி செத்த நினைப்பில் மறந்துவிட்டான்.

எண்பத்தொன்பது மே மாதம்? அந்த வசந்தம் முழுக்க அவன் அந்தக் கேனில் டிராக்டருக்குத்தான் பிடித்துக்கொண்டிருந்தான். பந்தயத்துக்கு முந்தின சனிக்கிழமை அவசரமாகத் தூக்கிக்கொண்டு ஓடினான். கவிழ்த்தது நினைவில் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தான். பத்தொன்பது வருடத்துக்குப் பின்னால் போய், தன் வீட்டுக் கொட்டகைக்குள் நின்று, தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் கை எதையும் கவிழ்க்கவில்லை.

கர்ட் அவனைப் பிடித்து பிக்கப்பின் படியில் உட்கார வைத்தான். தண்ணீர் கொடுத்தான். கேனிலிருந்ததைக் கழிவுப் பீப்பாயில் ஊற்றிவிட்டு, தன்னுடைய சிவப்புக் கேன் ஒன்றில் புதிதாகப் பிடித்துக் கொடுத்தான். காசு வேண்டாம் என்றான். அவன் பன்னிரண்டு வருடமாகத்தான் இந்த ஊரில் இருக்கிறான், பழைய கதை அவனுக்குத் தெரியாது. கிழவனுக்கு ஏன் இப்படி வியர்க்கிறது என்றும் தெரியாது.

வியாழக்கிழமை காலை காபி நேரத்துக்கு லூமிர் விமானத் தளத்துக் கொட்டகைக்குள் போனான். அங்கே அவன் கால் வைத்துப் பத்தொன்பது வருடம் ஆகியிருந்தது. மேசை அதேதான். அன்றைய ஒன்பது பேரில் மூன்று பேர்தான் உயிரோடு இருந்தார்கள். கூட நான்கைந்து புது முகங்கள். லூமிர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, உட்காராமல் சொன்னான். கேனில் மண்ணெண்ணெய் இருந்தது. அதை வைத்தவன் நான். மைலோ கலக்கவில்லை. அவனுக்குச் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது, மூன்று வாக்கியத்தில் முடிந்துவிட்டது.

புது ஆள் ஒருவன் ஆறுதலாக, பழைய கதைதானே, போகட்டும் விடுங்கள் என்றான். ஹார்வி ஸ்டோல்ட்ஸ் அவனைக் கையமர்த்தினான். எண்பத்திரண்டு வயது, முப்பது வருடம் மருந்தடித்தவன், ஒரு காது கேட்காது.

"நான் அவன்கிட்ட பதினோரு வருஷம் பெட்ரோல் போட்டேன், லூமிர். ஒரு நாள் என்ஜின் இருமினதில்ல. நீ வந்து தாளைப் போட்ட அன்னைக்கு விட்டேன். ஏன்னு தெரியுமா?"

லூமிர் தொப்பியின் விளிம்பைத் திருப்பினான்.

"வேற எவன் வந்து சொல்லியிருந்தாலும் கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளியிருப்போம். கூடப்பொறந்தவனே சொல்றானேன்னு நம்பினோம்."

பிறகு அந்தப் புது ஆள், அப்படியென்றால் மைலோ ஏன் வாய் திறக்கவில்லை என்று கேட்டான்.

"திறந்தான்," என்றான் ஹார்வி. "இங்கதான் நின்னு சொன்னான். நாங்க காபி குடிச்சுக்கிட்டிருந்தோம்."

அங்கிருந்து லூமிர் நேராக டெனீஸ் வீட்டுக்குப் போனான். சமையலறை மேசையில் தட்டு தட்டாகக் கொலாச் ரொட்டி ஆறிக்கொண்டிருந்தது, நடுவில் கசகசா வைத்தது. அடக்கச் சாப்பாட்டுக்கு அக்கம்பக்கத்துப் பெண்கள் கொண்டுவந்தது. டெனீஸ் ஒவ்வொரு தட்டுக்கு அடியிலும் கொடுத்தவளின் பெயரை எழுதி ஒட்டிக்கொண்டிருந்தாள், தட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமே. லூமிர் கொட்டகையில் சொன்னதையே இங்கேயும் சொன்னான். இங்கே இன்னும் மெதுவாக வந்தது.

டெனீஸ் கையிலிருந்த பெயரை ஒட்டி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"அப்பாவுக்குத் தெரியும்."

"எப்படி?"

"அவரும் வோன்ட்ராதானே. அவர் கேன்லயும் மண்ணெண்ணெய்தான். நீங்க தாளைப் போட்ட அன்னைக்கு மத்தியானமே புரிஞ்சிருச்சு. அம்மாகிட்ட அன்னைக்கே சொன்னாராம்."

"அப்போ என்கிட்ட வந்து சொல்றதுக்கென்ன?"

"வந்தாரே. கதவைச் சாத்துனீங்க."

லூமிர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டான். உட்காரச் சொல்லவில்லை அவள்.

"அதுக்கப்புறம் அவருக்கும் வீம்பு வந்திருச்சு, பெரியப்பா. இனி தட்ட வேண்டியது அவன் முறை, என் கதவு தெறந்துதான் இருக்குன்னு உக்காந்துட்டார். நீங்களும் அங்க உக்காந்துட்டீங்க. நடுவுல ஆறு மைல். அம்மா விடுதியில அறை கூட்டிப் பெருக்கினா. நான் காலேஜுக்குப் போகல. அவருக்கு இருமல் வந்துச்சு." அவள் அடுத்த தட்டை எடுத்தாள். "நீங்க ஊர் முன்னாடி சொன்னது நல்லது. எனக்கு உங்களை மன்னிக்கத் தெரியல. வண்டியை மட்டும் கொண்டு வாங்க. அவர் கேட்டார்."

"கொண்டு வரேன்," என்றான் லூமிர்.

வெள்ளிக்கிழமை பான்டியாக் முதல் திருப்பிலேயே பிடித்துக்கொண்டது. பூசை முடிந்து, பெட்டியை ஏற்றிய கறுப்பு வண்டிக்குப் பின்னால் பான்டியாக்கை நிறுத்தச் சொன்னார்கள். குடும்பத்துக் கார் அதற்கும் பின்னால். இருபது இருபத்தைந்து வண்டி, பகல் வெளிச்சத்தில் விளக்கைப் போட்டுக்கொண்டு வரிசையாக ஊர்ந்தன. எதிரே வந்த தானிய லாரிக்காரன் ஓரங்கட்டி நின்று தொப்பியைக் கழற்றினான். லூமிருக்குப் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. இந்த வண்டியில் அந்த இருக்கையில் மைலோவைத் தவிர யாரும் உட்கார்ந்து அவன் பார்த்ததில்லை. லூமிர் பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் மைலோ வலது காலை முன்னால் ஊன்றுவான், தானே ஓட்டுகிற மாதிரி. அந்த இடத்தில் காலடி விரிப்பு தேய்ந்திருந்தது.

நடைவேகத்தில் ஓட்டுவதற்குக் கட்டிய என்ஜின் இல்லை அது. சூடு ஏறியது. தட்டுகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டே வந்தான். ஒரு தடவைகூடத் தட்டவில்லை. விமானத் தளத்தைத் தாண்டும்போது கொட்டகை வாசலில் ஹார்வியும் மற்ற இருவரும் நின்றார்கள். கையசைக்கவில்லை. பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பெட்டி இறங்கும்போது லூமிர் கூட்டத்துக்குக் கடைசியில் நின்றான். மண் போடச் சொல்லிப் பாதிரியார் கண்ணால் கூப்பிட்டார். போய் ஒரு பிடி போட்டான். தம்பியிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயில் வைத்திருந்தான். ஆட்கள் நின்றதால் சொல்லவில்லை. ஆட்கள் இல்லாவிட்டாலும் சொல்லியிருப்பானா என்பது வேறு விஷயம்.

எல்லோரும் சாப்பாட்டுக்குக் கோயில் நிலவறைக்குப் புறப்பட்டார்கள். லூமிர் பான்டியாக்கில் ஏறி உட்கார்ந்தான், ஆனால் சாவியைத் திருப்பவில்லை. டெனீஸ் வந்து கண்ணாடியைத் தட்டினாள். துணியில் சுற்றிய ஒன்றை உள்ளே நீட்டினாள்.

"துணி அலமாரி அடியில இருந்துச்சு. வீடு மாத்தினப்போகூடத் தூக்கிப் போட விடல. எனக்கு இதை என்ன செய்றதுன்னு தெரியல." இரண்டு அடி போய்த் திரும்பினாள். "கீழ வந்து ஏதாவது சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டாள்.

லூமிர் துணியைப் பிரித்தான். கண்ணாடி ஜாடி. மூடியைச் சுற்றி மெழுகு ஊற்றி அடைத்திருந்தது. இருட்டிலேயே கிடந்ததால் நீலம் அப்படியே இருந்தது. பழுத்துப்போன சீட்டில் மைலோவின் கோணல் கையெழுத்து: மே 20, 1989. அதற்குக் கீழே ஒரே ஒரு சொல், லூமிர்.

இதில் சோதிக்க ஒன்றுமில்லை என்று அவனுக்குத் தெரியும். புதன்கிழமையே தெரிந்துவிட்டது. ஊர் முன்னால் சொல்லியும் ஆகிவிட்டது. இருந்தாலும் கை பேனாக்கத்தியை எடுத்து மெழுகைச் சுரண்டியது. மூடியைத் திறந்ததும் அந்தப் பந்தய ஞாயிற்றுக்கிழமையின் மணம் காருக்குள் எழுந்து கண்ணைக் கரித்தது. சட்டைப்பையில் தாள் தேடினான். இருந்தது, பூசையில் கொடுத்த நினைவு அட்டை மட்டும்தான். ஒரு பக்கம் மைலோவின் படமும் தேதிகளும். மறுபக்கம் வெள்ளை.

வெள்ளைப் பக்கத்தைத் திருப்பி முழங்காலில் வைத்து ஒரு சொட்டு விட்டான். காத்திருந்தான். அந்தப் பக்கம் குழி வெட்டுபவர்கள் மண் தள்ளும் சத்தம் கேட்டது. சொட்டு சுருங்கியது. வெளுத்தது. அட்டையைக் கண்ணாடிக்கு அருகில் கொண்டுபோய் வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தான். வளையம் இல்லை.

ஒரு வளையம், நூல் அளவுக்காவது ஒரு வளையம் விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவனுக்குப் பட்டது. அப்படித் தோன்றியதற்காகத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. அட்டையை மறுபடியும் முழங்காலில் வைத்தான். இன்னொரு சொட்டு விட்டான்.